பூவரசி வாசலுக்குப் போன பாய்லர்

சாமரமட்டத்தில் அந்த வருஷத்து முதல் உறைபனி விழுந்த காலையில், மதலேனம்மாளின் செம்புப் பாய்லர் பின்கட்டை விட்டு இறங்கி, கொல்லைப் படலைத் தன் வயிற்றால் தள்ளித் திறந்துகொண்டு, பதினேழு படி கீழே இருந்த பூவரசி வீட்டு வாசலுக்கு நடந்து போய் நின்றது. பாய்லருக்கு மூன்று கால். மூன்று காலை வைத்துக்கொண்டு படியிறங்குவது லேசில்லை என்பதால், ஒவ்வொரு படியிலும் சற்று நின்று, எந்தக் காலை முதலில் எடுப்பது என்று யோசித்து, பிறகு டங்கென்று வைத்து இறங்கியது. அது மிதித்த இடத்திலெல்லாம் வெள்ளைப் புல்லில் மும்மூன்றாகப் பச்சை வட்டம் விழுந்தது.

மதலேனம்மாள் அப்போது மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டு செபமாலையில் மூன்றாம் தேவரகசியத்தில் இருந்தாள். சத்தம் கேட்டதும் எழுந்து, செருப்பில்லாமல், மாலையைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஓடினாள். போய்ப் பார்த்தால் பாய்லர் பூவரசியின் சாத்திய கதவுக்கு முன்னால், கடன் கேட்க வந்தவர் கூச்சப்படுகிற மாதிரி ஒதுங்கி, புகைக்குழாயில் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. கதவு திறக்கவில்லை. அடியில் கங்கு தணிகிற வரைக்கும், ஆறரை மணிவரை, அது அங்கேயே நின்றது. பிறகு வந்த வழியே படியேறி வந்து பின்கட்டில் தன் மூன்று செங்கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டது.

பாய்லர் ஏன் நடந்தது என்று ஊர் அதிகம் கேட்கவில்லை. மலைக்காட்டில் பனிக்காலம் எதையாவது நடக்க வைக்கத்தான் செய்யும். ஏன் அந்த வாசலுக்குப் போனது என்பது மட்டும் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி கதவுக்கு உள்ளே இருந்தாள், ஒருத்தி வெளியே மாலையோடு நின்றாள்.

அது முந்தின வருஷம், இதே மாதிரி புல் வெளுத்த ஒரு காலை. பூவரசியின் புருஷன் மயில்வாகனம், எஸ்டேட்டில் நிழல் மரம் கழிக்க ஏறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இரண்டு வருஷமாய்ப் படுக்கையில் கிடந்தவர். அன்றைக்கு விடியும்போது படுக்கையெல்லாம் அசுத்தம் ஆகிவிட்டது. பூவரசி வீட்டில் கேஸ் தீர்ந்து இரண்டு நாள். வெளியே போட்டிருந்த விறகில் பனி ஏறி, ஊதி ஊதிக் கண்தான் சிவந்ததே தவிரப் பற்றவில்லை. பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

“அக்கா, ஒரே ஒரு குடம் சுடுதண்ணி குடுங்க. அவரத் தொடச்சு விடணும். பச்சத்தண்ணி தொட்டாலே ஒடம்பு வெட்டி வெட்டி இழுக்குதுக்கா.”

அன்றைக்கு மதலேனம்மாளின் மகன் இன்னாசி திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வருவதாக இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து வருகிறான். வந்ததும் குளிக்க வேண்டும் என்று நாலரை மணிக்கே எழுந்து, பாய்லரைக் கழுத்துவரை ரொப்பி, தைலமரச் சுள்ளி வைத்துப் பற்றவைத்து, மேலே கவாத்தில் கழித்த தேயிலை மிலார்க் குச்சி அடுக்கி, கொதி வருகிற பதத்தில் வைத்திருந்தாள். இந்தப் பாய்லருக்கு ஒரு சட்டம் உண்டு. மேலே ஒரு குடம் பச்சைத்தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கீழே குழாயில் ஒரு குடம் பிடிக்கலாம். ஊற்றாமல் பிடித்தால் மட்டம் இறங்கி, உள்குழாய் காய்ந்து, பூசிய ஈயம் உருகிப் பாய்லர் செத்துப்போகும். ஊற்றினால் சூடு தணியும். மறுபடி கொதிக்க அரைமணி நேரம். பஸ் வருகிற நேரம். பிள்ளை விறைத்துப்போய் வருவான். அவ்வளவுதான் அவள் நினைத்தது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது.

“பாய்லர் ஒழுகுதும்மா பூவு. ஈயம் விட்டுப்போச்சு. இன்னைக்கு மூட்டவே இல்ல.”

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. பூவரசியின் பார்வை இவள் முகத்திலிருந்து மெல்ல மேலே போய், கூரைக்குப் பின்னால், பனியடித்த நீல வானத்தில் நேராக எழும்பிக்கொண்டிருந்த புகையில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். “சரிக்கா” என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு இன்னாசி போன் பண்ணினான். லீவு கிடைக்கவில்லை, பஸ்ஸே ஏறவில்லை என்றான். கொதித்த தண்ணீர் கேட்பாரில்லாமல் ஆறிப்போய், சாயங்காலம் மேரக்காய்க் கொடிக்கு ஊற்றினாள். மயில்வாகனத்தைப் பூவரசி பச்சைத்தண்ணீரில்தான் துடைத்திருந்தாள். அன்று ராத்திரியே சளி கட்டியது. ஒன்பதாம் நாள், போகிக்கு முந்தின நாள், அடக்கம். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மதலேனம்மாளும் சொன்னாள். மற்றவர்களைவிட இரண்டு தடவை கூடவே சொன்னாள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, “ஒரு பொய் சொன்னேன் சாமி” என்று, கோபப்பட்டது, கோள் சொன்னது, ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனது எல்லாவற்றுக்கும் நடுவில் அதையும் மடித்து வைத்துச் சொன்னாள். எந்தப் பொய் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்காதது வசதியாக இருந்தது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். இவள் முந்நூறு சொன்னாள். மனப்பாரம் இறங்கவில்லை.

அதனால்தான் பாய்லர் நடந்தபோது அவள் அதிசயப்படவில்லை. பயந்தாள்.

இரண்டாம் நாள் புருஷன் சூசை அதை மாட்டுக் கயிற்றால் தூணில் கட்டினார். அவருக்குக் காது மந்தம். விஷயம் ஒன்றும் தெரியாது. வீட்டுச் சாமான் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் கட்சி. விடிந்து பார்த்தால் கயிறு தூணடியில் சுருட்டி வைத்திருக்கிறது, பாய்லர் பூவரசி வாசலில் இருக்கிறது. மூன்றாம் நாள் மதலேனம்மாள் பற்றவைக்காமலே விட்டாள். அது பச்சைத்தண்ணீரோடு, நெருப்பில்லாமல், அப்படியே இறங்கிப் போய் நின்றது. செம்பின்மேல் பனி பூத்து, குழாய் நுனியில் ஒரு முத்து உறைந்து தொங்கியது. குளிரில் ஒரு பிள்ளை நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. நாலாம் நாளிலிருந்து ஒழுங்காகப் பற்றவைத்தே அனுப்பினாள். சனிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். ஒவ்வொரு நாளும் பின்னாலேயே போய்ப் பத்தடி தள்ளி நின்றாள். கதவைத் தட்ட மட்டும் கை எழவில்லை.

ஊர் தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. முதலில் நாய்கள் வந்தன. பாய்லரைச் சுற்றிப் படுத்து முதுகைக் காய வைத்தன. அப்புறம் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், கை விறைத்துப் போவதற்குமுன் ஒரு தரம் செம்பைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒருத்தி துணிந்து மேலே ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கீழே ஒரு செம்பு பிடித்தாள், பாய்லர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் இருபது குடம் வரிசையில் வந்தது. எத்தனை ஊற்றினாலும் அதற்குச் சூடு இறங்கவில்லை. இறங்காதது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, வரிசையில் முந்தினவள் யார் என்றுதான் கேட்டார்கள். ஆளுக்கொரு விறகு கொண்டுவர வேண்டும் என்று தானாகவே ஒரு முறை ஏற்பட்டது. டீக்கடை மொய்து காக்கா கடை திறக்கிற நேரத்தைப் பாய்லர் இறங்குகிற சத்தத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“என்ட கடியாரம் பேட்டரி தின்னும், இது ரெண்டு சுள்ளி தின்னும்” என்றார். “நேரம் மட்டும் தப்பாது.”

“உங்க டீயவிட இந்தத் தண்ணி ருசியா இருக்கு காக்கா” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

“அதுதானே, ரெண்டுலயும் தேயிலை இல்ல” என்று பின்னாலிருந்து இன்னொருத்தி சொன்னாள். காக்காவே சிரித்துவிட்டார்.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த சுபேதார் போஜன் வரிசையை ஒழுங்குபடுத்துகிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். பாய்லர் படியிறங்கப் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அவர் ஒரு மனு எழுத, ஊரே கையெழுத்துப் போட, வார்டு மெம்பர் வந்து பார்த்து, பதினொரே நாளில் படியோரமாக மேலிருந்து கீழ்வரை சிமெண்டில் சரிவுப் பாதை போட்டுக் கைப்பிடிக் கம்பியும் நட்டார்கள். பாய்லர் அதில் சறுக்காமல் நிதானமாக இறங்கி வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

மதலேனம்மாள் தட்டவில்லை. இரண்டு வருஷம் மயில்வாகனத்தின் சக்கர நாற்காலி அந்தக் கீழ்வாசலிலேயே நின்று துருப்பிடித்ததையும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் போர்வையில் வைத்துத் தூக்க, அவர் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டதையும் அவள் பார்த்திருக்கிறாள். அவருக்காக ஒருவரும் ஒரு மனு எழுதவில்லை. அவளும் எழுதவில்லை. சிமெண்ட் காய்கிற வாசனை வரும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இதைவிடப் பெரிய தண்டனை வேறு வழியில் வந்தது. ஊர் அவளைப் புண்ணியவதி என்றது.

“புருஷனப் பறிகொடுத்து ஒத்தையில கெடக்குறாளேன்னு, பாருங்க, மதலேன் அக்கா மனசு அந்தப் பாய்லருக்குள்ள போய்த் தங்கிருச்சு. அவங்க செபம்தான் நடக்குது அது” என்று ஒருத்தி சொல்ல, சொன்னது உண்மையாகிவிட்டது. வெந்நித் தாயி என்று பெயர் வைத்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொன்னார்கள். பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாரும் திரும்பி இவளைப் பார்க்கிற மாதிரி, அயலாரை நேசிப்பதைப் பற்றிப் பேசினார். பூசை முடிந்ததும் அவரிடம் போனாள்.

“சாமி, அப்படியெல்லாம் இல்ல. நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல.”

“இதத்தான் தாழ்ச்சின்னு சொல்றோம் மதலேனம்மா” என்றார் அவர், கண் கலங்கி.

அவள் வாயைத் திறக்கப் போனாள். பின்னால் இரண்டு பேர் ஆசீர்வாதத்துக்குக் காத்திருந்தார்கள். மூடிக்கொண்டாள்.

பூவரசி மட்டும் கதவைத் திறக்கவில்லை. வாசலில் இத்தனை கும்பல், இத்தனை சிரிப்பு, இத்தனை குடம் மோதுகிற சத்தம். கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. பாய்லர் திரும்பிப் போனபிறகுதான் வெளியே வந்து, தெருக்குழாயில் பச்சைத்தண்ணீர் பிடித்து, அதிலேயே குளித்துவிட்டு வேலைக்குப் போனாள். “திமிரப் பாரு, வாசலுக்கு வந்த லச்சுமிய வேணாங்கிறா” என்று வரிசைப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டு மதலேனம்மாள் பேசாமல் நின்றாள். நின்றது தன் இரண்டாவது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் பொய்க்குக் காரணமாக ஒரு பிள்ளையாவது இருந்தான். இதற்கு இவளைத் தவிர யாரும் இல்லை.

பொங்கலன்று ஊர் கூடியது. பாய்லரின் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, சந்தனம் பூசி, மதலேனம்மாளைப் பக்கத்தில் நிறுத்திச் சால்வை போடுவது என்று முடிவு. கிறிஸ்தவர்கள், மற்றவர்கள், காக்கா எல்லாரும் ஒருமித்து எடுத்த முடிவு. பனி அன்றைக்கு உப்பைக் கொட்டியதுபோல் கிடந்தது. பாய்லர் சரிவில் இறங்கி வந்து தன் இடத்தில் நின்றது. போஜன் சால்வையை விரித்தார். மஞ்சள் கொத்தைப் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி, மூடிய கதவைப் பார்த்து, “இன்னைக்காவது தொறக்குறாளா பாரேன் மூதேவி” என்றாள்.

“அவள ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள் மதலேனம்மாள்.

மெல்லத்தான் சொன்னாள். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. சூசைக்கே கேட்டது.

“இந்தப் பாய்லர் எனக்காக நடக்கல. என்னாலதான் நடக்குது. போன வருஷம் இந்தப் பொண்ணு எங்கிட்ட ஒரு குடம் சுடுதண்ணி கேட்டுச்சு. அந்த மனுசனத் தொடைக்க. பாய்லர் நெறையக் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒழுகுது, மூட்டலன்னு சொல்லி அனுப்பிட்டேன். எம் பையன் குளிக்கணும்னு. அவன் வரவே இல்ல. அவரு ஒம்பதாம் நாள் போயிட்டாரு. இத்தன நாளா நீங்க என்னையக் கும்பிட்டீங்க, நான் நின்னுக்கிட்டு இருந்தேன்.”

ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. மஞ்சள் கொத்தைப் பிடித்திருந்தவள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டாள். “ஒரு குடம் தண்ணியிலயா உசுரு போச்சு, அது விதிக்கா” என்று யாரோ ஆரம்பித்து, யாரும் சேர்ந்துகொள்ளாததால் பாதியில் விட்டார்கள். “நல்ல நாளும் அதுவுமா இதச் சொல்லணுமா?” என்றது இன்னொரு குரல். போஜன் சால்வையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், கடைசியில் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சூசை மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்; நாற்பது வருஷமாகப் பார்த்த முகம், இப்போதுதான் சத்தம் போட்டுப் பேசியது போல.

அப்போது தாழ் விலகுகிற சத்தம் கேட்டது.

பூவரசி வாசலில் வந்து நின்றாள். பச்சைத்தண்ணீரில் வெடித்துப் பிளந்த கை; விரல் மடிப்பிலெல்லாம் ரத்தக் கோடு. அவள் கும்பலைப் பார்க்கவில்லை. மதலேனம்மாளை மட்டும் பார்த்தாள்.

“பொக போறத நான் அன்னைக்கே பாத்தேன்.”

“தெரியும் பூவு.”

“அவருகிட்ட சொல்லல. அக்கா வீட்ல பாய்லர் கெட்டுப்போச்சாம்னுதான் சொன்னேன். பாவம், பையன் வர்ற நாள்ல இப்பிடி ஆயிருச்சேன்னு அவரு ஒங்களுக்காக வருத்தப்பட்டாரு.”

மதலேனம்மாள் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் சுட்டது, பனியில்.

“தெனமும் வெடிஞ்சா பாய்லர அனுப்பி வெச்சீங்க” என்றாள் பூவரசி. “நீங்க வரல.”

“நான் அனுப்பல பூவு, அதுவாத்தான்…”

“அதத்தான் சொல்றேன்.”

கதவு மூடிக்கொண்டது. பாய்லரின் புகைக்குழாயில் மூச்சு ஒரு தடவை இழுத்து நின்றது. அதற்குப்பிறகு அது செம்பு. வெறும் செம்பு, இரண்டு ஆள் கனம். ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, கோணியைச் சுற்றி, சூசையும் அவளுமாகச் சரிவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் மொய்து காக்கா வந்து மறுபக்கத்துக் காலைப் பிடித்தார்.

மறுநாள் பாய்லர் நடக்கவில்லை. குடத்தோடு வந்து நின்றவர்கள் காத்திருந்து காத்திருந்து, வெயில் வந்ததும் திரும்பினார்கள். அவள் செய்த பாவத்தைவிட அவள் அதைச் சொன்னதுதான் ஊருக்குப் பெரிய மனத்தாங்கல் ஆகிவிட்டது. “பொங்கல் கழிச்சுச் சொல்லியிருக்கலாம். இல்ல, பங்குனி வெயில் வந்தப்புறம் சொல்லியிருக்கலாம். பனி முடியிற வரைக்கும் வாயக் கட்டிருந்தா ஊரு குளிச்சிருக்கும்” என்று அவள் காதுபடவே பேசினார்கள். பிள்ளைகளின் தலையில் கை வைக்கச் சொல்லி யாரும் வரவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அவள் நாலரைக்கு எழுந்து பற்றவைத்தாள். மேலே ஒரு குடம் ஊற்றி, கீழே ஒரு குடம் பிடித்து, துணியால் வாயைக் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு பதினேழு படி இறங்கினாள். பக்கத்தில் சரிவுப் பாதை இருந்தது; அதில் போகவில்லை. கதவைத் தட்டினாள். பூவரசி பாதி திறந்து, குடத்தை வாங்கி, உள்ளே ஊற்றிக்கொண்டு, வெறுங்குடத்தைப் படியில் வைத்துச் சாத்திவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தை போனது, மாசி போனது; பனி விட்டு, மேரக்காய்க் கொடி துளிர்த்து, பிஞ்சு விட்டது. இன்னாசி ஒருமுறை வந்தான். அம்மா தனக்குமுன் கீழ்வீட்டுக்குக் குடம் எடுத்துப் போவதைப் பார்த்து, கேட்காமல் காத்திருந்து குளித்தான். வெயில் காலத்தில் சுடுதண்ணி எதற்கென்று சூசை கேட்டார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தாள். முட்டி வலித்தது. வழியில் செபம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். சொன்னால் எண்ணத் தோன்றுகிறது, எண்ணினால் எப்போது முடியும் என்று தோன்றுகிறது.

ஆடியில் ஒரு நாள். மலையே தெரியாத மஞ்சு, சாரல், விறகெல்லாம் ஈரம். எவ்வளவு ஊதியும் கொதி ஏறவில்லை; நேரமாகிறதே என்று இருந்ததைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பூவரசி குடத்தை வாங்கினாள். உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெறுங்குடத்தோடு திரும்பி வந்தவள் அதைப் படியில் வைக்காமல் நேராக இவள் கையில் கொடுத்தாள்.

“இன்னைக்கு சூடு பத்தல” என்றாள், தையிலிருந்து முதல் வார்த்தையாக.

முகத்தில் சிரிப்பில்லை. குரலில் எரிச்சல்தான் இருந்தது. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மதலேனம்மாள் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில், மேலே ஏறிப் போனாள். பின்கட்டில் சூசை காய்ந்த விறகாகப் பொறுக்கித் தேடிக்கொண்டிருந்தார்.

“என்ன, முகமெல்லாம் ஈரம்?”

“ஏசிட்டா” என்றாள் அவள். “பூவு என்னைய ஏசிட்டா, கேட்டீங்களா?”

அவருக்குக் காதில் விழவில்லை. அவள் இன்னொரு தரம் சொல்லவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாய்லருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மறுபடி ஊத ஆரம்பித்தாள்.